நிற்கத் தெரியாத பம்ப்

அப்பாவின் டட்சனில் முன் சீட்டுக்கு அடியில் ஒரு பச்சைத் துண்டும் ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலும் எப்போதும் கிடக்கும். தண்ணீர் குடிப்பதற்கு இல்லை. சின்ன வயதில் தாகத்துக்கு அதை எடுத்துக் குடித்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். "அது காடிக்குள்ளது, ஒனக்குள்ளது இல்ல" என்றார்.

தீபாவளிக்கு மறுநாள் ஈப்போவிலிருந்து தைப்பிங் அத்தை வீட்டுக்குப் போவது வழக்கம். ஜெலாப்பாங் தாண்டியதும் மெனோரா சுரங்கம் வரைக்கும் ஹைவே மலையேறிக்கொண்டே இருக்கும். விடுமுறை நாள் என்றால் அந்த ஏற்றத்தில் வரிசை நகராது. பாதி ஏற்றத்தில் டட்சன் இரண்டு முறை இருமும், பிறகு நின்றுவிடும். அப்பா பதற மாட்டார். ஓரமாக உருட்டி நிறுத்தி, பானெட்டைத் திறந்து, துண்டை நனைத்து இன்ஜின் பக்கவாட்டில் எங்கோ சுற்றுவார். புஸ்ஸென்று ஆவி கிளம்பும். பத்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். காய்ச்சல் வந்த பிள்ளைக்கு அம்மா நெற்றியில் ஈரத்துணி போடுவதும் இதுவும் ஒன்றுதான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லார் வீட்டுக் காருக்கும் இப்படிக் காய்ச்சல் வரும் என்றும்.

டட்சன் 120ஒய். 1977 மாடல், ஏ12 இன்ஜின், 1171 சிசி. அப்பா தோட்டத்து லோரி ஓட்டிய காலத்தில், 1989ல், ஒரு கிராணியிடமிருந்து வாங்கியது. நான் பிறப்பதற்கு எட்டு வருஷம் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது. அந்தக் கணக்கில் அது எனக்கு அண்ணன்.

துண்டு சுற்றப்படும் இடம் பெட்ரோல் பம்ப். டேங்க் பின்னால், இன்ஜின் முன்னால், நடுவில் ஒரு மெல்லிய குழாய். அதன் வழியாகப் பெட்ரோலை இழுத்து வருவது இன்ஜின் பிளாக்கில் இரண்டு போல்ட்டில் தொங்கும் கைக்கு அடக்கமான இந்த பம்ப்தான். இதற்குக் கரண்ட் கிடையாது. உள்ளே கேம் ஷாஃப்ட் சுற்றும்போது அதில் மையம் விலகி இருக்கும் ஒரு வளையம் பம்பின் நெம்புகோலைத் தட்டும். நெம்புகோல் ஒரு ரப்பர்த் தகட்டை இழுக்கும், பெட்ரோல் உள்ளே வரும். திரும்ப அதைத் தள்ளி கார்புரேட்டருக்கு அனுப்புவது இன்ஜின் இல்லை, தகட்டுக்கு அடியில் இருக்கும் ஒரு ஸ்பிரிங். ஸ்கூடாயில் நான்கு வருஷம் இயந்திரப் பொறியியல் படித்த நான் இந்த இடத்தைக் கவனிக்கவே இல்லை. கார்புரேட்டரின் கிண்ணம் நிறைந்து, மிதவை மேலேறி, ஊசி வால்வு மூடிக்கொண்டால் ஸ்பிரிங்கால் தள்ள முடியாது. தகடு இழுபட்ட இடத்திலேயே நின்றுவிடும். நெம்புகோல் மட்டும் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். தேவைக்கு மேல் ஒரு சொட்டு போகாது. ஸ்பிரிங் எவ்வளவு பலமோ அவ்வளவுதான் அழுத்தம், மூன்று நான்கு பிஎஸ்ஐ. கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை.

அதன் பிரச்சினை அது உட்கார்ந்திருக்கும் இடம். கொதிக்கிற இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு, பின்னாலிருந்து பெட்ரோலை உறிஞ்ச வேண்டும். பெட்ரோல் ஒரே பொருள் இல்லை, பல எண்ணெய்களின் கலவை. அதில் லேசானவை 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். நம் ஊர் மத்தியான வெயிலே கிட்டத்தட்ட அங்கே நிற்கிறது. இதில் உறிஞ்சுவது வேறு. உறிஞ்சினால் குழாய்க்குள் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். கேமரன் மலையில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும் இல்லையா, அதேதான். குழாயில் ஆவி அடைத்துக்கொண்டால் பம்ப் எவ்வளவு உறிஞ்சினாலும் வருவது வெறும் காற்று. எங்கள் வட்டாரத்துச் சீன போமென் இதை ஒரே வரியில் சொல்வார்: "மிஞ்ஞாக் தா நாய்க் லா." பெட்ரோல் ஏற மாட்டேங்குது.

இதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது. அப்பாவுக்கு பைபாஸ் நடக்கும்வரை.

அதற்குப் பிறகு மகிழுந்தை விற்றுவிடச் சொல்லி அம்மா ஆரம்பித்தார். (அம்மா கோபமாக இருக்கும்போது மட்டும் மகிழுந்து என்பார். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்.) அப்பா விற்கவில்லை. தூரமாக ஓட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். ஒரு மே மாதம் சுங்கை சிப்புட்டில் பழைய தோட்டத்து நண்பர் ஒருவர் இறந்துவிட, வாக்கை மறந்துவிட்டுப் பழைய ரோட்டில் தனியாகப் போயிருக்கிறார். திரும்பும்போது செம்மோரில் தேநீர் குடிக்க நிறுத்தியிருக்கிறார். இதுதான் பழைய கார் ஓட்டுபவர்கள் செய்யக்கூடாதது. ஓடும்போது காற்றும் தண்ணீரும் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். நிறுத்திவிட்டால் இன்ஜினின் சூடு முழுக்கப் பம்புக்குள் இறங்கும். பத்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட் செய்தால் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் கார் சந்தோஷமாகக் கிளம்பும், கொஞ்ச தூரம் போய் அது தீர்ந்ததும் நின்றுவிடும்.

கடையும் இல்லாத, நிழலும் இல்லாத இடத்தில் நின்றது. மணி ஒன்று. அப்பா பானெட்டைத் திறந்து, குனிந்து, துண்டைச் சுற்ற முயன்றிருக்கிறார். நெஞ்சு இறுக்கியது. ரோட்டோரத்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு மலாய்க்காரப் பையன் நிறுத்தி, அவரை நிழலுக்குக் கூட்டிப் போய்த் தண்ணீர் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அப்பா எனக்கு ஏழு முறை போன் அடித்திருந்தார். நான் லூமுட்டில் ஒரு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை செய்கிறேன். ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. லாக்கரில் ஏழு மிஸ்ட் கால் கிடந்ததை நான் பார்த்தபோது மணி நாலரை.

மருத்துவர் பயப்பட ஒன்றுமில்லை என்றார். எனக்குப் போதவில்லை. அந்த வாரமே எலெக்ட்ரிக் பம்ப் வாங்கினேன்.

பழைய கார் வைத்திருக்கிறவர்கள் நிறையப் பேர் இதைச் செய்கிறார்கள். உள்ளங்கை அளவு சதுர டப்பா. பின்னால் டேங்க் பக்கத்திலேயே, டேங்க்கின் அடிமட்டத்துக்கு அருகில் பொருத்த வேண்டும். இன்ஜின் சூடு அதற்குத் தெரியாது. முக்கியமாக, அது உறிஞ்சாமல் தள்ளும். தள்ளினால் குழாய்க்குள் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் பெட்ரோல் சுலபத்தில் கொதிக்காது. காய்ச்சலுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை என்று அப்பாவிடம் படம் வரைந்து காட்டினேன்.

அப்பா படத்தைப் பார்த்தார். இரண்டு கேள்வி கேட்டார். "பேட்டரி தாங்குமா?" தாங்கும், ஒன்று ஒன்றரை ஆம்பியர்தான், ஹெட்லைட்டை விடக் குறைவு என்றேன். இரண்டாவது: "இன்ஜின் நின்னாலும் இது ஓடுமா?"

"சாவிய ஆஃப் பண்ணா நின்னுரும்பா."

"நான் சாவியக் கேக்கல. இன்ஜின் நின்னா?"

"அதான் சாவிய ஆஃப் பண்ணப்போறீங்கல்ல?"

அவர் மேலே கேட்கவில்லை. எனக்கும் அது ஒரு கேள்வியாகப் படவில்லை. லோரி ஓட்டியவர், கரண்ட் சாமானைக் கண்டால் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமையில் வேலை முடிந்தது. பழைய பம்பைக் கழற்றினால் இன்ஜின் பிளாக்கில் ஒரு ஓட்டை தெரியும். அதை மூடாவிட்டால் இன்ஜின் ஆயில் தெறிக்கும். மூடித் தகட்டை அப்பா செய்தார். அலுமினியத் துண்டை ரம்பத்தால் அறுத்து, அரம் போட்டு, இரண்டு மணி நேரம். கேஸ்கட்டுக்குத் தடித்த தாளைத் தகட்டின் மேல் வைத்து, விளிம்பைச் சுற்றிச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். கத்தரிக்கோலே இல்லை. தட்டத் தட்டத் தாள் விளிம்பிலேயே வெட்டுப்பட்டு விழுந்தது. நான் பின்பக்கம் காருக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பம்பைப் பொருத்தி, இக்னிஷன் ஒயரிலிருந்து நேராக ஒரு ஒயரை இழுத்துக் கொடுத்தேன். இப்போது எழுதும்போதே கூசுகிறது. அவ்வளவுதான் என் வயரிங். ஒரு ஃப்யூஸ் போட்டேன், அதை மட்டும் சொல்லிக்கொள்ளலாம்.

சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து டக்டக்டக்கென்று சத்தம். கிண்ணம் நிறைந்ததும் டக்… டக்… என்று மெதுவானது. ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆனது. அப்பா சிரித்தார். அந்த மாதம் முழுவதும் கார் ஒரு முறைகூட நிற்கவில்லை. அலுவலக நண்பர்களிடம்கூடப் பீற்றிக்கொண்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் ஓட்டினேன், அப்பா பக்கத்தில், அம்மா பின் சீட்டில் மார்க்கெட் சாமான்களோடு. வீட்டுக்குப் பக்கத்து டிராஃபிக் லைட்டில் நின்றிருந்தபோது இன்ஜின் திணறி அணைந்தது. பச்சை விழுந்தது. பின்னால் ஹார்ன். மறுபடி ஸ்டார்ட் செய்தேன், பிடிக்கவில்லை. இன்னொரு முறை. பெட்ரோல் வாடை வந்தது. பழைய கார் என்றால் கொஞ்சம் வாடை இருக்கும்தான் என்று மூன்றாவது முறை சாவியைத் திருப்பப் போனேன்.

அப்பா, "சத்தம் கொறயலயே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் குறுக்கே கை நீட்டிச் சாவியைப் பிடுங்காத குறையாக ஆஃப் செய்தார். அப்போதுதான் கேட்டது. கேட்டது என்பதைவிட, நின்ற பிறகுதான் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது உறைத்தது. டக்டக்டக்டக்கென்று பம்ப் முழு வேகத்தில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"மொதல்ல அம்மாவ எறக்கு" என்றார்.

பானெட்டைத் திறந்தால் கார்புரேட்டர் பெட்ரோலில் குளித்திருந்தது. டேங்க்கின் அடியில் நாற்பது வருஷமாகப் படிந்திருந்த துருவைப் புதுப் பம்ப் கிளப்பி அனுப்பியிருக்கிறது. ஒரு துணுக்கு ஊசி வால்வில் மாட்டிக்கொண்டு அதை மூட விடவில்லை. கிண்ணம் நிறைந்து, வழிந்து, இன்ஜின் மூச்சுத் திணறி அணைந்திருக்கிறது. அணைந்த பிறகும் பம்ப் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. இந்த இன்ஜினில் கார்புரேட்டருக்குக் கீழேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட். கொதிக்கிற இரும்பின் மேல் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருக்க, நான் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். ஸ்டார்ட்டரில் பொறி பறக்கும் என்பது பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம்.

தீப்பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்பதற்கு என்னிடம் பொறியியல் விளக்கம் எதுவும் கிடையாது. அம்மா ரோட்டோரத்தில் கீரைக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு மணி நேரம் மூன்று பேரும் பேசவில்லை. அன்னிக்கே கேட்டேனே என்று அப்பா சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சொல்லவில்லை.

பழைய பம்பிலும் ஊசி வால்வில் துரு மாட்டலாம். மாட்டினால் கிண்ணம் வழியும், இன்ஜின் அணையும். அணைந்தால் கேம் ஷாஃப்ட் நிற்கும், நெம்புகோல் நிற்கும், பெட்ரோல் நிற்கும். யாரும் சாவியைத் தேட வேண்டாம். விபத்தில் டிரைவர் மயங்கிக் கிடந்தாலும், குழாய் அறுந்தாலும், இன்ஜின் நின்றால் பெட்ரோலும் நின்றுவிடும். அப்பா கேட்டது இதைத்தான். நான் பழைய பம்பின் பாதி வேலையைத்தான் மாற்றியிருக்கிறேன். தள்ளுவதற்கு ஆள் வைத்துவிட்டு, நிற்பதற்கு வைக்கவில்லை.

இதில் என்னால் சாப்பிட முடியாமல் போனதற்குக் காரணம் வேறு. ஆலையில் என் வேலை கருவிகளும் கட்டுப்பாடும். கொதிகலன் பர்னரில் தீ அணைந்துவிட்டால் எரிவாயு வால்வு தானாக மூட வேண்டும். மூடும் வேலையைக் கரண்ட் செய்யாது, ஸ்பிரிங் செய்யும். கரண்ட் வால்வைத் திறந்து பிடித்திருக்க மட்டும்தான். ஒயர் அறுந்தாலும், மின்சாரம் போனாலும், சென்சார் செத்தாலும் ஸ்பிரிங் மூடிவிடும். ஃபெயில்-சேஃப் என்போம். தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று யோசித்து, கெட்டாலும் கெடுக்காதது என்று எனக்கு நானே வைத்துக்கொண்டேன். மாதந்தோறும் அந்த வால்வுகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது நான். திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் முதல் தாள் அதுதான் மேசையில் இருந்தது. கம்பெனியின் கொதிகலனுக்குச் செய்வதை வீட்டுக் காருக்குச் செய்யத் தோன்றவில்லை. வீடு என்றால் ஆபத்து கொஞ்சம் நகர்ந்து உட்காரும் என்று நினைப்போம் போல.

மூன்று வாரம் டட்சன் போர்ச்சில் நின்றது. முதலில் ஆயில் பிரஷர் விளக்கின் ஸ்விட்சை வைத்து ஒரு சர்க்யூட் வரைந்தேன். இன்ஜின் ஓடினால் ஆயில் அழுத்தம் இருக்கும், இருந்தால் பம்ப் ஓடட்டும், இல்லாவிட்டால் நிற்கட்டும். தாளில் அழகாக இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன். காரில் இருக்கும் ஸ்விட்ச், அழுத்தம் இல்லாதபோது இணைப்புக் கொடுத்து விளக்கை எரிய வைக்கும் வகை. நான் வரைந்தபடி அந்த ஒயர் கழன்று விழுந்தால், அழுத்தம் இருக்கிறது என்று ரிலே நினைத்துக்கொண்டு பம்பை ஓட்டிக்கொண்டே இருக்கும். கெட்டால் கெடுக்கும். தாளைக் கிழித்தேன்.

கடைசியில் செய்தது இது. இக்னிஷன் காயிலில் வரும் துடிப்பைக் கவனிக்கும் ரிலே ஒன்று உண்டு. 1980களின் சில ஐரோப்பியக் கார்களில் பம்புக்கு இப்படிப்பட்டதைத்தான் வைத்தார்கள். சாவியைத் திருப்பினால் ஓரிரு வினாடி பம்பை ஓட்டிக் கிண்ணத்தை நிரப்பிவிட்டு நிறுத்திவிடும். இன்ஜின் சுழன்று துடிப்பு வந்தால் மறுபடி ஓட்டும். துடிப்பு நின்றால் பம்பும் நிற்கும். துடிப்பைக் கொண்டுவரும் ஒயர் அறுந்தாலும் நிற்கும். அதோடு, ஹாஃப்-கட் கடையில் தேடி, பழைய ஃபோர்ட் கார்களில் இருக்கும் மோதல் ஸ்விட்ச் ஒன்றை 30 வெள்ளிக்கு வாங்கினேன். உள்ளே ஒரு இரும்புக் குண்டைக் காந்தம் பிடித்து வைத்திருக்கும். பலமாக மோதினால் குண்டு விடுபட்டுக் கரண்ட்டைத் துண்டித்துவிடும். பம்புக்கு முன்னால் ஃபில்டர். டேங்க்கை இறக்கிக் கழுவினோம், உள்ளிருந்து வந்த சேறு தேநீர் நிறத்தில் இருந்தது. அழுத்தத்தைக் கேஜ் வைத்து அளந்தேன். பெட்டியில் மூன்று பிஎஸ்ஐ என்று போட்டிருந்த பம்ப் நாலரையைக் காட்டியது. அதற்கு ஒரு ரெகுலேட்டர். முதல் தடவை அளக்கவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

முடித்ததும் ஆலையில் செய்வதுபோல் அப்பா முன்னால் சோதித்துக் காட்டினேன். ஓடிக்கொண்டிருக்கும்போது காயில் ஒயரைப் பிடுங்கினேன். இன்ஜின் நின்றது, பின்னால் சத்தமும் நின்றது. மோதல் ஸ்விட்சைக் கழற்றி மரக்கட்டையில் ஓங்கித் தட்டினேன். நின்றது. சாவி ஆனிலேயே இருந்தது.

அப்பா டேங்க் பக்கம் குனிந்து காது வைத்துக் கேட்டார். "இன்னொரு வாட்டி" என்றார். மறுபடி பிடுங்கினேன். மூன்று முறை செய்யச் சொன்னார். எங்கள் ஆலைக்கு வரும் இன்ஸ்பெக்டர்கள்கூட இரண்டு முறைக்கு மேல் கேட்பதில்லை.

அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். பின் சீட்டில் இனி உட்கார மாட்டேன், முன்னால்தான் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, சாவி பக்கத்தில் இருக்கும் என்றார். இப்போதும் முன்னால்தான் உட்காருகிறார். அப்பாவோடு போனால் அப்படி, நான் ஓட்டினால் கட்டாயம் அப்படி.

கழற்றிய பழைய பம்பை நான் தூக்கிப் போட இருந்தேன். ரப்பர்த் தகடு விறைத்துப்போய் வெடிப்பு விட்டிருந்தது. இன்னும் ஒரு வருஷத்தில் கிழிந்து பெட்ரோலை இன்ஜின் ஆயிலுக்குள் விட்டிருக்கும். அதுவும் கெடுக்கத் தெரிந்ததுதான், அதை நான் அப்பாவிடம் கொஞ்சம் சந்தோஷமாகவே காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் வந்து பார்த்தால் ஸ்பேர்பாட் கடையில் ரிப்பேர் கிட் வாங்கி, தகடு மாற்றி, வால்வு கழுவி, மேலே மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து மைலோ டின்னில் வைத்திருந்தார். தட்டி எடுத்த கேஸ்கட் ஒன்று, போல்ட் இரண்டு, ஸ்பேனர் ஒன்று. டின் இப்போது பூட்டில் இருக்கிறது, பச்சைத் துண்டுக்குள் சுற்றி.

"எதுக்குப்பா இது?"

"ஒங்க சாமான் நின்னுருச்சின்னா?" என்றார். "நிக்கிறதுக்குத்தானே அவ்ளோ செஞ்ச."